உழைப்பாளியின் கால்: வெட்டுவதா, காப்பதா?

தை பிறந்ததும் மரக்காணத்து உப்பளங்களில் முதல் வேலை கால்களுக்குத்தான். மழைநீர் வடிந்து சேறாகக் கிடக்கும் பாத்திகளை ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அதன் பிறகு மாதக்கணக்கில் வரப்பு மேல் நடை. தலையில் உப்புக் கூடை; காலடியில் வழுக்கும் மண். ஐப்பசி மழை வந்து அளத்தை மூழ்கடிக்கும் வரையில் இந்த ஓட்டம் நிற்காது. நாற்று நடும் வயலில் இடுப்பொடிய நிற்பதும் கால்தான். மில்லில் ஓடும் கதிர்களுக்கு நடுவே ஷிப்டு முழுவதும் நடப்பதும் கால்தான். நிலம் இல்லாதவனுக்கு, யந்திரம் இல்லாதவனுக்கு, பாங்கியில் பணம் இல்லாதவனுக்கு இரண்டு கால்களே ஆஸ்தி.

அந்தக் கால்களில் ஒன்று நசுங்கி, எலும்போடு ரத்தக்குழாயும் அறுந்து போனால் என்ன ஆகிறது? "உயிர் பிழைத்ததே பெரிது, காலை எடுத்துவிட்டார்கள்" என்று ஊர் சொல்கிறது. குடும்பமும் அதையே சொல்லி மனதைத் தேற்றிக் கொள்கிறது. விதி என்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. இப்படிப்பட்ட காலைப் பல சமயங்களில் காப்பாற்ற முடியும் என்று ரணசிகிச்சை விஞ்ஞானம் நிரூபித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த விஞ்ஞானம் உப்பளத்துத் தொழிலாளியின் காலை வந்து சேருகிறதா, எத்தனை மணிக்கு வந்து சேருகிறது என்பதுதான் கேள்வி. இது வைத்தியப் பிரச்னை மட்டும் அல்ல, வர்க்கப் பிரச்னை.

சாலை யாருக்கு, ரத்தம் யாருடையது?

மரக்காணத்தின் ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிறது. இன்னொரு பக்கம் சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது. உல்லாசப் பயணத்துக்குச் செல்லும் மோட்டார்களும், சரக்கு லாரிகளும், சொகுசு பஸ்களும் அந்தச் சாலையில் பறக்கின்றன. அதே சாலையைத்தான் விடியற்காலையில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் கடக்கிறார்கள். சைக்கிளிலும், ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேருமாகவும், ஷேர் ஆட்டோவில் தொங்கிக் கொண்டும் போகிறார்கள். வண்டி மோதினால் இரும்புக் கூட்டுக்குள் இருப்பவனுக்குச் சிராய்ப்பு. வெளியே இருப்பவனுக்குக் கால் போகிறது.

மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகா வெளியிட்ட கணக்கையே பார்ப்போம். 2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் 4 லட்சத்து 61 ஆயிரம் சாலை விபத்துக்கள், 1,68,491 சாவுகள். விபத்துக்களின் எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. செத்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். செத்தவர்களைச் சர்க்கார் எண்ணுகிறது. ஆனால் கால் இழந்தவர்களை யார் தனியாக எண்ணுகிறார்கள்? உயிர் தப்பிய நாளோடு அவன் கணக்கிலிருந்து விழுந்து விடுகிறான். சாகாமல் பிழைத்து, வேலைக்கும் போக முடியாமல், திண்ணையில் உட்கார்ந்துவிட்டவனின் துயரத்துக்கு அந்தப் புள்ளிவிவரத்தில் ஒரு வரி கூட இல்லை.

ஆறு மணி நேரக் கணக்கு

விஷயத்தைத் தெளிவாகப் புரிந்து கொள்வோம். தொடையிலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியின் வழியாக ஓடி, கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் ரத்தம் கொண்டு போகிறது. அந்த இடத்தில் அது மேலும் கீழும் இறுகப் பிணைந்திருக்கிறது. விலகிக் கொடுக்க இடமில்லை. அதனால் முழங்கால் பிசகினாலோ, அதை ஒட்டி எலும்பு நொறுங்கினாலோ குழாய் கிழிந்து விடுகிறது, அல்லது நசுங்கி உள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக் கொள்கிறது. சில சமயம் வெளியே ஒரு துளி ரத்தம் கூடத் தெரியாது. பாதம் மட்டும் வெளுத்து, சில்லிட்டு, மரத்துப் போகும்.

ரத்தம் நின்றுபோன சதை எத்தனை நேரம் தாங்கும்? ஏறத்தாழ ஆறு மணி நேரம். அதற்குள் ரத்தத்தை மறுபடி ஓட விட்டால் கால் பிழைக்கப் பெரிதும் வாய்ப்பு உண்டு. மணி ஏற ஏறச் சதை சாகிறது. நேரம் கடந்து ரத்தத்தைத் திறந்துவிட்டால் செத்த சதையின் விஷம் உடம்பெங்கும் பரவிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரே போகலாம். அப்போது காலை எடுப்பதுதான் உயிரைக் காக்கும் வழியாகிறது.

1990-ல் அமெரிக்க டாக்டர்கள் இதற்கு ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். காயத்தின் பலம், ரத்த ஓட்டம் நின்ற அளவு, உடம்பின் அதிர்ச்சி, வயது ஆகிய நான்குக்கும் எண் போட்டுக் கூட்ட வேண்டும். ஏழும் அதற்கு மேலும் வந்தால் கால் பிழைப்பது அரிது என்று கொண்டார்கள். அதில் ஒரு விதி உண்டு: ஆறு மணி நேரம் தாண்டினால் ரத்த ஓட்டத்துக்குரிய எண்ணை இரட்டிப்பாக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். முப்பத்தைந்து வயதுத் தொழிலாளி. எலும்பு வெளியே வந்த முறிவு: 2. பாதத்தில் நாடி இல்லை, மரமரப்பு இருக்கிறது: 2. ரத்த அழுத்தம் இறங்கவில்லை: 0. வயதுக்கு: 1. கூட்டினால் ஐந்து. காலைக் காப்பாற்றலாம். அதே ஆள், அதே காயம், ஆறு மணி நேரம் கழிந்து வருகிறான். 2 என்பது 4 ஆகிறது. கூட்டினால் ஏழு! கால் போகும் வரிசையில் அவன் நிற்கிறான். இடையில் மாறியது என்ன? காயம் மாறவில்லை. மனிதன் மாறவில்லை. கடிகாரம் மட்டும் மாறியது. இந்த எண்ணை மட்டும் பார்த்துக் காலை வெட்டக் கூடாது என்று பிற்பாடு வந்த ஆராய்ச்சிகள் எச்சரித்திருக்கின்றன; டாக்டரின் அனுபவமும் நிதானமும் கட்டாயம் வேண்டும். ஆனால் கடிகாரத்தின் குரூரத்தை எந்த ஆராய்ச்சியும் மறுக்கவில்லை.

இனி மரக்காணத்தின் தூரத்தை அளந்து பார்ப்போம். திண்டிவனம் சுமார் 35 கிலோமீட்டர். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. அது திண்டிவனத்தையும் தாண்டி. புதுச்சேரி ஜிப்மர் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். சென்னை 120 கிலோமீட்டர். வண்டியில் நேராகப் போனால் எதுவும் ஆறு மணி நேர வழி அல்ல. நேராகப் போகாததுதான் ஆபத்து. மாலை ஆறு மணிக்கு விபத்து என்று வைத்துக் கொள்வோம். முதல் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு ஒரு சீட்டு. இரண்டாவதில் எக்ஸ்ரே எடுத்து இன்னொரு சீட்டு. மூன்றாவதில் "ரத்தக்குழாய் டாக்டர் வேண்டும், பட்டணத்துக்குக் கொண்டு போ" என்று மூன்றாவது சீட்டு. ஒவ்வோர் இடத்திலும் வண்டிக்குக் காத்திருப்பு, கையெழுத்துக்குக் காத்திருப்பு, பணம் புரட்டப் போன மைத்துனனுக்குக் காத்திருப்பு. நடுநிசி அடிக்கும்போது ஆறு மணி நேரம் தீர்ந்துவிடும். கால் இன்னும் வண்டியில்தான் இருக்கும்!

இரவு பகலாக வேலை செய்யும் அரசாங்க டாக்டர்களையும் நர்ஸுகளையும் இதற்காக நாம் குறை கூறவில்லை. அவர்களும் உழைப்பாளிகளே. ஆளையும் கருவியையும் கொடுக்காமல் சீட்டை மட்டும் கொடுக்கச் சொல்லும் ஏற்பாட்டைத்தான் குறை கூறுகிறோம்.

யுத்தம் கற்பித்தது, சமாதானம் மறுப்பதா?

அறுந்த குழாயை ஊசி நூலால் தைத்து இணைக்கும் முறையை பிரான்ஸைச் சேர்ந்த அலெக்ஸிஸ் காரல் 1902-லேயே எழுதி வெளியிட்டார். 1912-ல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் இரண்டாம் உலக யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்கவில்லை. குழாயைக் கட்டி ரத்தத்தை நிறுத்துவதே வழக்கமாக இருந்தது. முழங்காலுக்குப் பின்னுள்ள குழாயில் காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் காலை இழந்தார்கள். கொரியா யுத்தத்தில் குழாயைத் தைத்துச் சீராக்கினார்கள். காயம்பட்டவனை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள். கால் இழந்தவர்கள் நூற்றுக்கு முப்பது அளவுக்கு இறங்கினார்கள். கொரிய மக்கள் மீது குண்டு மாரி பொழிந்த அந்த யுத்தத்தை நாம் வாழ்த்தப் போவதில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்போம்: சுட்டுக் கொல்லப் போனவனின் காலுக்கு ஹெலிகாப்டர் கிடைத்தது, உப்பு விளைவிக்கிறவனின் காலுக்கு நேரான ஒரு வண்டி கிடைக்கக் கூடாதா?

மறு பக்கத்தையும் பார்ப்போம். 1963 ஜனவரியில் ஷாங்காய் நகரில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் வலது கை யந்திரத்தில் சிக்கி முற்றிலும் துண்டாயிற்று. ஆறாவது மக்கள் மருத்துவமனையில் டாக்டர் சென் சோங்வெய்யும் அவருடைய சகாக்களும், எலும்பு டாக்டரும் ரத்தக்குழாய் டாக்டரும் ஒரே மேஜையில் நின்று, அந்தக் கையைத் திரும்ப ஒட்டினார்கள். கை பிழைத்தது, அந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவியது.

சோவியத் நாட்டில் சைபீரியாவின் குர்கான் என்னும் ஒதுக்குப்புற ஊரில் டாக்டர் இலிஸாரோவ் 1951 வாக்கில் வளையங்களும் கம்பிகளும் கொண்ட ஒரு சாதனத்தை உண்டாக்கினார். யுத்தத்தில் கால் நொறுங்கி வந்தவர்களின் எலும்பை அது மெள்ள மெள்ளக் கூட வைத்தது, நீளவும் வைத்தது. 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற வலேரி புருமெல் அடுத்த ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கினார். பல ஆபரேஷன்கள் பலிக்காமல் கடைசியில் இலிஸாரோவிடம் போனார். மறுபடி இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார். இன்று தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் காலைச் சுற்றி வளையம் மாட்டி நடக்கிறார்களே, அந்த வளையம் குர்கானிலிருந்து வந்ததுதான்.

நமது நாட்டிலும் திறமைக்குக் குறைவில்லை. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் வெங்கடசாமி கட்டி வளர்த்த கை ரணசிகிச்சைப் பிரிவு வடசென்னைத் தொழிலாளிகளின் நசுங்கிய கைகளை நிமிர்த்தியது; அது அரசாங்க ஆஸ்பத்திரி. மில் நகரமான கோயம்புத்தூரில் கங்கா மருத்துவமனையின் டாக்டர் ராஜசேகரனும் சகாக்களும், ரத்தக்குழாய் அறுபடாத கடுமையான கால் முறிவுகளுக்காக ஒரு மதிப்பெண் முறையை வகுத்து 2006-ல் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, சதை மூன்றையும் தனித்தனியே அளந்து எண் போடும் அந்த முறை பிற நாட்டு டாக்டர்களும் படிக்கும் பாடமாகிவிட்டது. அவர்கள் அழுத்திச் சொல்லும் கருத்து இது: எலும்பு டாக்டரும் தோல், சதை ஒட்டும் பிளாஸ்டிக் ரணசிகிச்சை டாக்டரும் முதல் மணியிலிருந்தே சேர்ந்து நிற்க வேண்டும். அது தனியார் ஆஸ்பத்திரி. அங்கே கண்ட அறிவு ஒவ்வொரு அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் உரிமையாக வேண்டும் என்பது நமது வாதம்.

கால் பிழைத்த பிறகு?

காலைக் காப்பது என்றால் ஓர் ஆபரேஷனோடு முடியும் காரியம் அல்ல. முதலில் கிழிந்த குழாயில் ஒரு சிறு பிளாஸ்டிக் குழலைச் செருகி ரத்தத்தை ஓட விடுகிறார்கள். எலும்பை வெளியிலிருந்து கம்பியும் சட்டமும் போட்டு நிறுத்துகிறார்கள். பிறகு நல்ல காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அறுந்த இடத்தில் வைத்துத் தைக்கிறார்கள். நாளத்துக்குள் ஒரு திசைக்கு மட்டும் திறக்கும் கதவுகள் இருப்பதால்தான் இந்தத் திருப்பல். வீங்கிய சதை இறுகி மறுபடி ரத்தத்தை அடைக்காமல் இருக்கக் கெண்டைக்காலின் உறையைக் கீறி விடுகிறார்கள். செத்த சதையைச் சீவிக் கழுவுகிறார்கள், மறுநாளும் கழுவுகிறார்கள். அப்புறம் வேறு இடத்துச் சதையையும் தோலையும் கொண்டு வந்து மூடுகிறார்கள். எலும்பு கூட மாதங்கள் ஆகும். கூடாவிட்டால் மறுபடி ஆபரேஷன். நடை பழக இன்னும் பல மாதங்கள். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று போகும்.

அத்தனை காலமும் கூலி? கூலி இல்லை! உப்பளத்தில் அன்றாடம் காய்ச்சிகளுக்கு லீவுச் சம்பளம் ஏது? மில் தொழிலாளி போராடி வாங்கிய ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, 1948-ல் சட்டம் வந்தது, 1955-ல் கோயம்புத்தூரில் தொடங்கியது. படுத்திருக்கும் நாளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு அதில் கிடைக்கிறது. உப்பளத் தொழிலாளியையும் விவசாயத் தொழிலாளியையும் அந்தக் குடை நனையாமல் காக்கவில்லை. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாடு சர்க்கார் ஏற்பாடு செய்தது நல்லதுதான். கால் ஒடிந்தவனுக்கு வருஷம் முழுவதும் மழைக்காலம் அல்லவா?

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சியை ஒவ்வொரு தோழரும் தெரிந்து கொள்ள வேண்டும். எட்டு பெரிய ஆஸ்பத்திரிகளில், கால் கடுமையாக நசுங்கிய 569 பேரை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2002-ல் வெளிவந்தது. காலைக் காத்தவர்களும் காலை எடுத்தவர்களும் இரண்டு வருஷ முடிவில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். வேலைக்குத் திரும்பியவர்கள் காலைக் காத்தவர்களில் நூற்றுக்கு 49. காலை எடுத்தவர்களில் நூற்றுக்கு 53. அப்படியானால் ஒருவன் தேறியதையும் தேறாததையும் எது தீர்மானித்தது? வறுமை, படிப்பின்மை, இன்ஷூரன்ஸ் இன்மை, தாங்கிப் பிடிக்க ஆள் இன்மை முதலியவை! முதலாளித்துவத்தின் தலைமைப் பீடமான நாட்டிலேயே, அந்த நாட்டு டாக்டர்களே அளந்து சொன்ன உண்மை இது. கத்தி எவ்வளவு கூர்மையானாலும், படுக்கையைச் சுற்றி வறுமை இருந்தால் பாதி வேலை வீணாகிறது.

ஆகவே "எப்படியாவது காலைக் காப்பாற்று" என்று மட்டும் நாம் கூவக் கூடாது. சில காலைக் காக்க முடியாது. எடுப்பதே நியாயமான வைத்தியமாக இருக்கும் சமயம் உண்டு. அது தோல்வி அல்ல. ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1968 வாக்கில் உண்டாக்கிய ரப்பர்ப் பாதம் நமது ஜனங்களுக்காகவே செய்தது. அதைப் போட்டுக் கொண்டு செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தி உட்காரலாம், வயலில் தண்ணீரில் இறங்கலாம். ஆனால் தீர்மானம் டாக்டரின் நிதானத்திலிருந்தும் நோயாளியின் சம்மதத்திலிருந்தும் வர வேண்டும். "வெட்டினால் ஒரே ஆபரேஷன், காத்தால் ஏழெட்டு, உன்னால் முடியுமா?" என்று பணம் தீர்ப்புச் சொல்வதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

காலுக்கு விலை போட்ட சட்டம்

வெள்ளைக்காரன் காலத்தில், 1923-ல், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. அதன் அட்டவணை காலை அங்குலம் அங்குலமாக அளந்து விலை போட்டது. நடுத்தொடைக்குக் கீழிருந்து முழங்காலுக்குக் கீழே மூன்றரை அங்குலம் வரையில் வெட்டினால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 60 பங்கு நஷ்டம். அதற்கும் கீழே வெட்டினால் 50 பங்கு. மேஜையடியில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு ஒருவேளை இது பொருந்தலாம். உப்புக் கூடை சுமக்கிறவளுக்கு 60 பங்கா நஷ்டம்? நூறு பங்கும் நஷ்டம்! இதைச் சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக் கொண்டிருக்கிறது. முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த ஒரு தச்சுத் தொழிலாளியின் வழக்கில், அவன் இனித் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே நஷ்டம் முழுமையானது என்று 1975 டிசம்பரில் தீர்ப்புக் கூறியது. வேலையிடத்தில் கால் இழந்த ஒவ்வொருவரும், அவருக்காக வாதாடும் ஒவ்வொரு சங்கமும் இந்தத் தீர்ப்பை மனதில் வைக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை மீறி அமலாக்கியிருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துக் கொண்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். தொழிலாளி வென்ற நியாயத்தை மாற்ற விடக் கூடாது.

சாலை விபத்துக்கும் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 108 வண்டி 2008 முதல் ஓடுகிறது. 2021 டிசம்பர் 18-ல், மரக்காணத்திலிருந்து அதிக தூரம் இல்லாத மேல்மருவத்தூரில், "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" என்ற திட்டத்தைத் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கியது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரம் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரையில். மத்திய சர்க்காரும் 2025 மே மாதத்திலிருந்து ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரையில் என்று ஒரு திட்டம் அறிவித்தது. இவற்றை நாம் வரவேற்கிறோம். இவற்றைக் கேட்டு வாங்குவது உரிமை, பிச்சை அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உயிரைக் காக்க 48 மணி நேரம் என்றார்கள். காலைக் காக்க முதல் ஆறு மணி நேரம் வேண்டும். அதன் பின் ஒன்றரை வருஷம் வேண்டும். முன்னதற்கும் உறுதியில்லை, பின்னதற்கும் உறுதியில்லை.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யும் வரையில் கை கட்டி நிற்க முடியாது. உப்பளத்திலும், வயலிலும், மில் வாசலிலும் உள்ள ஒவ்வொரு தோழரும் சில விஷயங்களைக் கற்றுக் கொள்ள வேண்டும்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்துக் கையால் பலமாக அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அழுத்தியும் நிற்காமல் பீறிட்டால் மட்டும் காயத்துக்கு மேலே அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். கயிறும் கம்பியும் கூடாது. ஒடிந்த காலைப் பலகை வைத்து அசையாமல் கட்டுங்கள். காயத்தில் மண்ணோ, காப்பித்தூளோ, எண்ணெயோ போடாதீர்கள். இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். அடிபட்ட பாதம் மட்டும் சில்லிட்டு வெளுத்திருந்தால், விரல் அசையாவிட்டால், தொட்டது தெரியாவிட்டால், முதலில் பார்க்கும் டாக்டரிடம் அதையே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "பாதம் சில்லிட்டிருக்கிறது, அடிபட்டது இத்தனை மணிக்கு."

இப்படிப்பட்ட காலை நாட்டுக் கட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். மூங்கில் பட்டை வைத்து இறுக்கினால் மிச்சமுள்ள ரத்தமும் நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட பிறகும், வலி தாங்க முடியாமல் ஏறினாலோ விரல்கள் மரத்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் உடனே திரும்பிப் போங்கள். அடிபட்டவனைத் தூக்கிப் போனால் போலீஸ் வழக்கில் மாட்டிக் கொள்வோம் என்று பயப்படாதீர்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் உதவி செய்பவனுக்குப் பாதுகாப்புத் தருகிறது.

நமது கோரிக்கைகள்

சர்க்காரிடம் நாம் கேட்பது இவை:

ஒன்று: மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் எலும்பு, ரத்தக்குழாய், பிளாஸ்டிக் ரணசிகிச்சை டாக்டர்கள் மூவரும் இரவும் பகலும் இருக்க வேண்டும்; காலி இடங்களை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

இரண்டு: பாதத்தில் நாடி இல்லாத காயம் என்று தெரிந்த உடனே, இடையில் எங்கும் நிற்காமல், குழாயைத் தைக்கக் கூடிய ஆஸ்பத்திரிக்கு 108 வண்டி நேராகப் போக வேண்டும். அது புதுச்சேரியானாலும் சென்னையானாலும், மாநில எல்லையோ ஜில்லா எல்லையோ குறுக்கே வரக் கூடாது. வண்டி கிளம்பும்போதே அங்கே ஆபரேஷன் மேஜை தயாராக வேண்டும்.

மூன்று: மரக்காணம் போன்ற கடற்கரை ஆஸ்பத்திரிகளில் நாடி பார்க்கும் கருவி, ரத்தம், தேவையான மருந்துகள், பயிற்சி பெற்ற ஆட்கள் இருபத்து நாலு மணி நேரமும் இருக்க வேண்டும்.

நாலு: படுத்திருக்கும் காலம் முழுவதும் உப்பளத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் குறைந்தபட்சக் கூலிக்குச் சமமான உதவித் தொகை வேண்டும். காலை எடுக்க நேர்ந்தால் நல்ல செயற்கைக் காலும், அது தேயும் போதெல்லாம் மாற்றுக் காலும், செய்யக் கூடிய வேலையும் தர வேண்டும்.

ஐந்து: ஆண்டு தோறும் விபத்தில் கால் இழந்தவர் எத்தனை பேர், அவர்கள் எத்தனை மணி நேரம் கழித்து ஆபரேஷன் மேஜைக்கு வந்தார்கள் என்ற கணக்கை ஜில்லாவாரியாக வெளியிட வேண்டும்.

இது ஆகாத காரியமா? இதே கடற்கரைச் சாலையின் தென் கோடியில், புதுச்சேரியில், 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளிகள் மீது பிரெஞ்சு ஏகாதிபத்தியம் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பன்னிரண்டு தோழர்கள் ரத்தம் சிந்தி மாண்டார்கள். அவர்கள் கேட்டவற்றில் தலையானது எட்டு மணி நேர வேலை. அதுவும் ஆகாத காரியம் என்றுதான் முதலாளிகள் சொன்னார்கள். அடுத்த ஆண்டே சட்டமாயிற்று. அன்று தொழிலாளி எட்டு மணி நேரத்துக்காகப் போராடினான். இன்று ஆறு மணி நேரத்துக்காகப் போராடுவோம். உப்பளச் சங்கமும், விவசாயத் தொழிலாளர் சங்கமும், மில் சங்கமும் சேர்ந்து இந்த ஐந்து கோரிக்கைகளையும் மகஜராக எழுதட்டும். கிராமம் கிராமமாகக் கையெழுத்து வாங்கட்டும். கலெக்டர் ஆபீசுக்கும் சுகாதார மந்திரியிடமும் அதைக் கொண்டு போவோம். நடந்தே போவோம், தோழர்களே!